கண் மூன்று: தேங்காயும் பனங்காயும்

யாழ்ப்பாணத்து அளவெட்டியில் ஒரு பழைய வளவின் கோடிப்புறத்தைக் கிளறினால் இரண்டு விதமான ஓடுகள் அகப்படும். ஒன்று சிரட்டை, மற்றது ஊமல். இரண்டும் கருங்கபிலம். இரண்டும் மாரி மழைக்கு உக்காமல் வருடக்கணக்கில் கிடப்பவை. இரண்டும் கடைசியில் அடுப்புக்கோ கரிக்கோ போகிறவை. இவற்றில் எது கொட்டையின் ஓடு என்று ஊரில் யாரைக் கேட்டாலும் ஊமலையே காட்டுவார்கள். பனங்கொட்டை என்று சொல்கிறோம். தேங்கொட்டை என்று ஒருவரும் சொல்வதில்லை. ஆங்கிலம் பேசுகிறவரைக் கேட்டால் விரல் மற்றப் பக்கம் திரும்பும்: அவருக்குத் தேங்காய்தான் ‘நட்’, பனங்காய் வெறும் பழம். தாவரவியலாளரைக் கேட்டால் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, இந்த ஊரில் முளைக்கவே முளைக்காத ஓக் மரத்தின் காயை எடுத்து வைப்பார்.

மூன்று பதில்களும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஆனாலும் ஒவ்வொன்றும் எதையோ சரியாகக் கண்டிருக்கிறது. அந்த ‘எதையோ’ எது என்பதே இங்கு பார்க்க வேண்டியது.

முதலில் தாவரவியலாளரின் அளவுகோல். அவர் கொட்டை என்று சொல்வது ஒரு வித்தை அல்ல, ஒரு முழுப் பழத்தை. குழப்பம் தவிர்க்க அதைக் கொட்டைக்கனி என்போம். அது காய்ந்த பழமாக இருக்க வேண்டும். முற்றிய பின்னும் தானாக வெடிக்கக் கூடாது. உள்ளே பொதுவாக ஒரே வித்துத்தான். ஒன்றுக்கு மேற்பட்ட சூலக இலைகள் ஒட்டிப் பிறந்த சூலகத்திலிருந்து வந்திருக்க வேண்டும். கடைசியாக, பழத்தின் சுவர் முழுவதும் வன்மையாகி இறுகியிருக்க வேண்டும். வெளியே சதை, உள்ளே ஓடு என்று பிரிந்திருக்கக் கூடாது. இப்படி ஐந்து வாசல்.

தேங்காய் முதல் நான்கு வாசலையும் தடையின்றித் தாண்டுகிறது. முற்றிய காய் காய்ந்தது; வெடிக்காது; வித்து ஒன்றே; சூலக இலை மூன்று. ஐந்தாவதில் விழுகிறது. அதன் சுவர் மூன்று அடுக்காகப் பிரிந்துவிட்டது: வழுவழுப்பான மேற்தோல், தும்பு நிறைந்த பொச்சு, கல்லான சிரட்டை. உள்ளடுக்கு மட்டும் ஓடாகிய இந்த வகைக்கு உள்ளோட்டுச் சதைக்கனி என்று பெயர். மாங்காய் இருக்கும் அதே பெட்டி.

பனங்காய் இரண்டே வாசலைத் தாண்டுகிறது. அதுவும் வெடிக்காது, அதற்கும் சூலக இலை மூன்று. மற்ற மூன்றிலும் தோல்வி. களி நிறைந்த பழம் காய்ந்த பழமாகாது. உள்ளே வித்து ஒன்றல்ல, வழக்கமாக மூன்று. சுவரும் தோல், தும்போடு கூடிய களி, கல்லான ஓடு என்று தேங்காயைப் போலவே பிரிந்திருக்கிறது. ஆக இதுவும் அதே பெட்டிக்குள்தான். ஆனால் மாங்காய்க்குப் பக்கத்தில், இன்னும் வசதியாக.

மதிப்பெண் போட்டால் தேங்காய்க்கு நான்கு, பனங்காய்க்கு இரண்டு. ‘நட்’ என்று தேங்காயை அழைத்த ஆங்கிலம் அவ்வளவு பிழை செய்யவில்லை என்று தோன்றும். ஆனால் பழத்தை விட்டுவிட்டு, பாத்தியில் போடும் தனிப் பனங்கொட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். காய்ந்தது, வெடிக்காதது, ஒரே வித்து, சுற்றிலும் ஒரே கல்லோடு. பார்வைக்கு இதைவிடக் கச்சிதமான கொட்டைக்கனி கிடையாது. குறை ஒன்றுதான்: அது பழத்தின் ஒரு துண்டு, முழுப் பழமல்ல. முழுமையாக நின்ற தேங்காய் உருவத்தில் கொட்டை போலில்லை. உருவத்தில் கொட்டையான பனங்கொட்டை முழுமையாக இல்லை. ஆங்கிலம் முழுமையைப் பார்த்துப் பெயர் வைத்தது, தமிழ் உருவத்தைப் பார்த்து.

தமிழ் இன்னொன்றையும் பார்த்திருக்கிறது. பனம்பழம் உண்டு, தேங்காய்க்குப் பழம் கிடையாது. குரும்பட்டியாக விழுந்தாலும், இளநீராகக் குடித்தாலும், முட்டுக்காயாக வழித்தாலும், முற்றி மரத்திலிருந்து தானே விழுந்தாலும் அது காய்தான். தாவரவியல்படி முற்றிய தேங்காய் முழுமையான பழம். நாக்கின்படி அது என்றைக்கும் கனியவில்லை: நெகிழவில்லை, மணக்கவில்லை, நிறம் மாறி அழைக்கவில்லை. பழுத்தல் என்பது நெகிழ்தல் என்று வைத்துக்கொண்ட மொழி, நெகிழாத பழத்தைக் காய் என்றே நிறுத்திவிட்டது. கொட்டைக்கனிக்குத் தாவரவியலாளர் போட்ட முதல் நிபந்தனையும் இதுதான், காய்ந்திருத்தல். (பனங்காய்ப் பணியாரத்தைப் பழுத்த பழத்தில்தானே சுடுகிறோம், அங்கே ஏன் காய் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. சமையலறை எல்லா விதிக்கும் ஒரு விலக்கு வைத்திருக்கும்.)

இரண்டுக்கும் பொதுவான ஒரு சொல்தான் எனக்குப் பெரிய வியப்பைத் தந்தது: கண். உரித்த தேங்காயின் குடுமியை நீக்கினால் மூன்று கண். நுங்கைச் சீவினாலும் மூன்று கண். ஒரே சொல், ஒரே எண். ஆனால் சுட்டப்படும் பொருள் வேறு. தேங்காயின் கண் ஒரு வாசல், முளை வெளியே வருவதற்கான துளையின் தடம். நுங்கின் கண் ஒரு முழு அறை. அதற்குள் குளிர்ந்து நடுங்கும் வித்து ஒன்று இருக்கிறது. சாதாரணமாகப் பார்த்தால் தற்செயலாக அமைந்த பெயர் ஒற்றுமை என்றே சொல்லிவிடலாம்.

தற்செயல் அல்ல. உரித்த தேங்காயை உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் சிரட்டையின் மேல் தடவிப் பாருங்கள். குடுமியிலிருந்து கீழ்நோக்கி மூன்று வரம்புகள் இறங்குவது விரலுக்குத் தெரியும். மூன்று சூலக இலைகள் ஒட்டிக்கொண்ட தையல் அவை. ஒவ்வோர் இலைக்கும் ஒரு கண். பெண்பூவாக இருந்தபோது அதற்குள் மூன்று அறைகள், அறைக்கு ஒரு சூல்வித்து. அவற்றுள் ஒன்றுதான் வளர்ந்தது. மற்ற இரண்டும் கருகி, அவற்றின் இடத்தையும் அதுவே எடுத்துக்கொண்டது. மூன்று கண்ணில் இரண்டு கல்லாக இருப்பதும் ஒன்று மட்டும் ஈர்க்குக் குத்தினால் இறங்குவதும் இதனால்தான். மெத்தென்ற கண்ணுக்குப் பின்னால் முளையம் இருக்கிறது. மற்ற இரண்டும் ஆளில்லா வீட்டின் அடைத்த கதவுகள்.

பனையின் சூலகமும் அதே மூன்று இலை, அதே மூன்று அறை, அதே மூன்று சூல்வித்து. ஆனால் அது எவரையும் கைவிடவில்லை. மூன்றும் வளர்கின்றன, மூன்றும் தனித்தனி ஓடு கட்டிக்கொள்கின்றன. தேங்காயில் கதவாகச் சுருங்கிய அதே மூன்று, பனங்காயில் அறைகளாக விரிந்து நிற்கிறது. தாவரவியல் ஏடு எதையும் திறக்காமலே இரண்டையும் கண் என்று அழைத்த வாய் உறவை அறிந்து சொன்னதா என்று நிரூபிக்க முடியாது. ஆனால் சொன்னது சரி.

இந்த இடத்தில்தான் ஓக் மரத்தின் காயும் கூட்டத்தில் வந்து உட்காருகிறது. கொட்டைக்கனிக்குப் பாடநூல் எப்போதும் காட்டும் உதாரணம் அது. டொரொன்டோவிலோ லண்டனிலோ இலையுதிர் காலத்தில் நடைபாதையில் காலில் உருளும் அந்தச் சின்னக் காயைப் பொறுக்கிப் பார்த்த நம்மவர் பலர். அதன் சூலகத்திலும் இலை மூன்று. அறைக்கு இரண்டாக ஆறு சூல்வித்துகள். முடிவில் மிஞ்சுவது ஒன்று. ஆறில் ஐந்தை இழந்து ஒன்றை வளர்த்தது ஓக். மூன்றில் இரண்டை இழந்து ஒன்றை வளர்த்தது தென்னை. வாழ்வதற்குத் தேர்ந்த கணக்கில் தேங்காயின் உடன்பிறப்பு பனங்காய் அல்ல, குளிர் நாட்டு ஓக் காய்தான் என்று சொல்லத் தோன்றும்.

தோற்றத்தில் நிலைமை தலைகீழ். ஓக் காய் ஒரு சின்னக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். பனங்காயின் தலையிலும் கெட்டியான இதழ்கள் தொப்பி போல ஒட்டியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்பீர்கள். உண்மையில் பனங்காயின் தொப்பி பூவின் இதழ்கள் உதிராமல் நின்று தடித்தது. ஓக்கின் கிண்ணம் பூவடிச் செதில்கள் கூடி ஆனது. தேங்காய்க்கும் அந்த இதழ்த் தொப்பி உண்டு. காய் பெரிதாகப் பெரிதாக அது சிறுத்துத் தெரிவதால் நாம் கவனிப்பதில்லை.

விதிவிலக்குகளையும் சொல்லிவிட வேண்டும். இரட்டைக் கண் நுங்கும் ஒற்றைக் கொட்டைப் பனங்காயும் ஊரில் புதினமல்ல. பனையும் சில வேளை தென்னையின் வழிக்குப் போகிறது. தென்னை பனையின் வழிக்கு வந்து ஒரு காய்க்குள் இரண்டு வித்து வைப்பதும் நிகழக்கூடியதே. ஆனால் மிக அருமை. எல்லைக்கோடு ஒரு பக்கம்தான் தாராளமாக ஒழுகுகிறது.

பெயர் வைத்தவர் கதைக்கு வருவோம். இரண்டு மரத்துக்கும் விஞ்ஞானப் பெயர் ஒரே புத்தகத்தில், ஒரே ஆண்டில் கிடைத்தது: லின்னேயஸின் ‘ஸ்பீசீஸ் பிளாண்டாரம்’, 1753. தென்னைக்கு ‘கோகோஸ் நியூசிஃபெரா’. பின்சொல்லின் பொருள் கொட்டை தாங்கி. பனைக்கு ‘பொராசஸ் ஃபிளாபெல்லிஃபெர்’. பின்சொல்லின் பொருள் விசிறி தாங்கி. இரண்டு பேரும் தாங்கிகளே. ஒருவர் காயைத் தாங்குகிறார், மற்றவர் ஓலையை. கொட்டையே இல்லாததற்குக் கொட்டையின் பெயர் போனது. பார்ப்பதற்கு அசல் கொட்டையாக மூன்றைச் சுமப்பதற்கு விசிறியின் பெயர் போனது.

தென்னைக்குக் கிடைத்த அதே பின்சொல் பின்னர் இன்னொரு செடிக்கும் போயிற்று. பழங்களையும் வித்துகளையும் வெட்டி வெட்டிப் பார்ப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட யோசப் கேர்ட்னர் என்ற ஜேர்மானியர் 1788 இல் தாமரைக்கு ‘நெலும்போ நியூசிஃபெரா’ என்று பெயரிட்டார். தாமரைப் பொகுட்டின் குழிகளில் ஆடிக்கொண்டிருக்கும் கரிய மணிகளை நாம் வித்து என்கிறோம். உண்மையில் ஒவ்வொன்றும் ஒரு முழுப் பழம், சுவர் முழுவதும் இறுகிய பழம். தேங்காய் விழுந்த ஐந்தாவது வாசலைத் தாமரை தாண்டிவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு மணியும் தனிச் சூலக இலையில் பிறந்தது என்பதால், கண்டிப்பானவர்கள் அதையும் ‘சிறுகொட்டை’ என்று ஒரு படி கீழே வைப்பார்கள். இவ்வளவு இறுக்கமாகப் பிடித்தால் இந்தக் குடாநாட்டில் கொட்டை என்று தின்பதற்கு எதுவும் மிஞ்சாது. திருவிழாவில் சுருளில் வாங்கும் கச்சான், மண்ணுக்குள் முற்றிய ஓர் அவரை. மரமுந்திரிகைப் பருப்பு மாங்காயின் குடும்பம். கொட்டைப்பாக்கு, ஓர் உள்ளோட்டுச் சதைக்கனியின் வித்து மட்டும். இதை வைத்து ஊரின் வாயைத் திருத்தப் புறப்படுவது வீண் வேலை.

பெயர் சந்தைக்குப் போனதும் அதற்கு வேறு பலம் வந்துவிடுகிறது. ஏற்றுமதிக் கணக்குகளில் தேங்காய் இன்றைக்கும் இத்தனை ‘நட்’ என்றே எண்ணப்படுகிறது. பனம்பழத்தை அப்படி எண்ணிய கணக்கை நான் கண்டதில்லை. இலங்கையில் தென்னைக்கான ஆராய்ச்சித் திட்டம் 1929 இலேயே தொடங்கிவிட்டது. அதன் நிலையம் லுணுவிலவில் இருக்கிறது. பனை அபிவிருத்திச் சபை 1978 இல்தான் வந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு இடைவெளி. எண்ணப்படுவது ஆராயப்படுகிறது, பொறுக்கப்படுவது காத்திருக்கிறது.

ஓட்டுக்கு உள்ளே போனால் வேற்றுமைகள் மெல்லக் கரையத் தொடங்கும். நுங்கை விரலால் நோண்டும்போது உரிபடும் அந்தத் துவர்க்கும் தோலும், தேங்காய்ச் சொட்டின் முதுகில் ஒட்டியிருக்கும் கபிலத் தோலும் ஒரே உறுப்பு: வித்தின் உறை. நுங்கின் நீரும் இளநீரும் ஒரே உறுப்பு: முளையத்துக்காகச் சேர்த்த உணவு, வித்தகவிழையம், இன்னும் இறுகாத நிலையில். வழுக்கையும் நுங்கும் ஒரே பருவத்தின் இரண்டு ருசி. முற்றும்போது பாதை பிரிகிறது. தென்னை அந்த உணவில் எண்ணெயை ஏற்றிப் பருப்பாக்குகிறது, அதனால் அதற்குத் திருவலையும் செக்கும். பனை எண்ணெயை நாடாமல் இறுக்கிக்கொண்டே போகிறது. சீக்காயான பின் அதைக் கடித்துப் பார்த்தவருக்குப் பல் கூச்சம் மறக்காது. நடுவில் இரண்டிலும் ஒரு குழிவு மிஞ்சுகிறது.

அந்தக் குழிவில் நடப்பதுதான் இந்த ஒப்பீட்டில் எனக்குப் பிடித்த பகுதி. முளைத்த தேங்காயை உடைத்தால் உள்ளே பஞ்சு போன்ற, இனிக்கும் வெள்ளை உருண்டை. முளைத்த பனங்கொட்டையைக் கத்தியால் இரண்டாகப் பிளந்தாலும் உள்ளே பஞ்சு போன்ற, இனிக்கும் வெள்ளை உருண்டை. இரண்டுக்கும் எங்கள் பெயர் ஒன்றே: பூரான். நூல்களில் அதற்குப் பருகி என்று பெயர். முளையத்தின் வித்திலை, வெளியே இலையாக விரியாமல், தன் நுனியை ஓட்டுக்குள்ளேயே வைத்து வீங்கவிட்டு, சுவரில் ஒட்டியிருக்கும் உணவைக் கரைத்து உறிஞ்சுகிறது. பூரான் தின்னும்போது நாம் தின்பது மரத்தின் முதல் இலையை; ஒருபோதும் வெளிச்சத்தைக் காணாத இலையை. நுங்கும் வழுக்கையும் என இரண்டு பெயர் வைத்த ஊர் இங்கே ஒரே பெயரோடு நிறுத்திக்கொண்டது. உறுப்பியல் தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்து பெயரிட்டிருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்.

வித்திலையின் மறுமுனை செய்கிற வேலையில் மீண்டும் பிரிவு. தென்னை முளையை மெத்தென்ற கண் வழியே பக்கத்திலேயே எழவிடுகிறது. பொச்சைக் கிழித்துக்கொண்டு குருத்து மேலே போகும். பனை தன் முளையத்தை ஒரு குழாய்க்குள் வைத்து மண்ணுக்குள் ஆழ இறக்குகிறது. கொட்டை மேலே, பிள்ளை கீழே. மேலே இருக்கிற பூரான் உறிஞ்சுவதெல்லாம் கீழே கிழங்காகத் தடிக்கிறது. கிழங்கு முற்ற முற்றக் கொட்டை வெறுமையாகி ஊமலாகும். ஒரே வித்தில் பூரானும் கிழங்கும் வேண்டுமென்றால் கிடைக்காது. எந்த நாளில் பிளக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒன்று.

இரட்டைத் தேங்காய் என்று ஒன்று பேராதனைப் பூங்காவில் பார்த்திருப்பீர்கள். சீஷெல்ஸ் தீவுகளுக்கு உரியது. ஒற்றை வித்தே 15 கிலோவைத் தாண்டக்கூடியது. உலகின் மிகப் பெரிய வித்து. பெயரில் தேங்காய், பிறப்பில் பனை. அது பனையின் நேர் சொந்தம். பனங்கொட்டையின் தலையில் லேசாகத் தெரியும் பிளவுதான் அதில் ஆழமாக வெட்டி இரண்டு மடல்போல நிற்கிறது. தேங்காய்க்குப் பனையைவிட நெருங்கிய உறவு வேண்டுமென்றால் கமுகைப் பார்க்கலாம். ஒரே வேலியில் நிற்கும் தென்னையும் பனையும் ஒரே குடும்பம் என்றாலும், வெகு முன்பே பிரிந்துபோன இரண்டு கிளை.

கடைசியாக, உருவத்தை விட்டுவிட்டு நடத்தையால் கேட்டுப் பார்ப்போம். காட்டில் கொட்டைக்கனி எப்படிப் பிழைக்கிறது? அதற்குச் சுவைத்து எறியச் சதையில்லை. ஓக் காயை அணில் தின்னத்தான் எடுக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தின்ன முடியாமல் மண்ணுக்குள் அங்கங்கே புதைத்து வைக்கிறது; புதைத்த சிலவற்றை மறக்கிறது. மறந்தவை மரமாகின்றன. கொட்டை என்பது, இந்தக் கண்ணோடு பார்த்தால், பதுக்கி வைக்கப்படும் உணவு.

தேங்காய் இந்தத் தேர்வுக்கு வருவதே இல்லை. அதன் பொச்சு கடலில் மிதக்கக் கட்டிய தெப்பம். அது பதுக்கப்படுவதற்கல்ல, பயணப்படுவதற்கு ஆனது. அளவெட்டிச் செம்மண்ணில் அந்தத் தெப்பத்துக்கு வேலையில்லை. நாம் அதை அலவாங்கில் குத்தி உரித்து, பிள்ளையார் வாசலில் சிதறவிட்டு, மிஞ்சினதைக் குசினி மூலையில் குவித்து வைக்கிறோம். பனங்காயோ ஆவணி இரவுகளில் ‘தொம்’ என்று விழுகிறது. களியை மாடு சூப்பும், மனிதர் பிசைந்து பாயில் ஊற்றிப் பினாட்டாக்குவர். அதுவரை அது பழத்தின் வழக்கம். பிறகு நாம் கொட்டையைப் பொறுக்கி, மண்ணைக் கொத்திப் பாத்தி போட்டு, நெருக்கி அடுக்கி, மேலே மண் தூவிவிட்டு, மூன்று நான்கு மாதம் கழித்துத் தின்பதற்கென்று விட்டுவைக்கிறோம். ஓக் காட்டில் அணில் செய்வதை யாழ்ப்பாணத்தில் நாம் செய்கிறோம். உறுப்பியல் பரீட்சையில் இரண்டே மதிப்பெண் பெற்ற பனங்காய், நடத்தைப் பரீட்சையில் முழுக் கொட்டையாக எழுந்து நிற்கிறது.

தை மாதம் பாத்தி கிண்டும்போது நாமும் எல்லாவற்றையும் எடுத்துவிடுவதில்லை. மண்வெட்டி எட்டாத மூலையில், வேலிக் கதியாலின் அடியில், ஒன்றிரண்டு தப்பிவிடும். கிழங்கு அவியும் அவசரத்தில் அதை எவரும் தேடுவதில்லை. அடுத்த மாரி கழிந்து வேலி அடைக்கப் போகும்போது, விரியாத விசிறி போல ஒற்றை ஓலை ஒன்று அங்கே நிற்கும்.